ஒன்பதுக்கு ஒன்று

ஜூலை 3

பூச்சிக்கு,

அண்ணி எழுதுகிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். வீட்டில் இருக்கிற ஒரே போன் உன் அப்பா சட்டைப் பையில் இருக்கிறது. நான் கேட்டு வாங்கினால் பேசி முடிக்கும்வரை மாமா பக்கத்திலேயே நிற்பார். வைத்தவுடன், "டீச்சர் என்னம்மா சொல்றா?" என்பார். மகளைப் பற்றி அவர் காதில் நல்ல சேதி மட்டும்தான் விழ வேண்டும். அதனால்தான் இந்தத் தாள். பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, தையல் கம்பெனி விலாசத்துக்கு அனுப்பு. வாட்ச்மேன் பிரிக்க மாட்டார். யோக்கியர் என்பதால் இல்லை, படிக்கச் சோம்பல்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் தைத்துக் கொடுத்த நானூறு திரையும் முதல் சலவையிலேயே குட்டையாகிவிட்டது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இழுத்து, இரண்டு ஓரமும் கொக்கியில் மாட்டுகிற திரை. கொக்கிக்குக் கொக்கி இருநூற்றெழுபது சென்டிமீட்டர். துணி இப்போது இருநூற்று அறுபத்தேழு சொச்சத்தில் நிற்கிறது. ஒரு ஓரத்தை மாட்டினால் மறு ஓரம் சுவருக்கு எட்டவில்லை. இரண்டு விரல் இடைவெளி.

மே மாதம் நான் சாவியை மறந்துவிட்டுப் போன அன்று நீ கம்பெனிக்கு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? முதலாளி என் கட்டிங் மேஜையருகே நின்று துணி அதிகம் போகிறது என்று குடைந்துகொண்டிருந்தார்.

"இந்தத் துணி எவ்வளவும்மா சுருங்கும்?"

"பத்துல ஒரு பங்குங்க."

"அப்போ பத்துக்கு ஒண்ணு சேர்த்தா போதாதா? நீ ஏன் ஒன்பதுக்கு ஒண்ணு சேர்க்கிற?"

"அப்பத்தாங்க சரியா வரும்."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. அவர் உன் பக்கம் திரும்பினார். "நீங்க கணக்குல பட்டம் வாங்கினவங்களாமே. நீங்க சொல்லுங்க."

நீ சொன்னாய்: "பத்து சதவீதம் சுருங்கினா பத்து சதவீதம் சேர்த்தா போதும் சார். அண்ணி போடுற கணக்கு பதினொண்ணு புள்ளி ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கும், முடியவே முடியாது."

"முடியாத கணக்குக்குத்தான் என் துணியெல்லாம் போகுதா!" என்றார் அவர். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

நான் திரைக்கு முந்நூறு வெட்டுவேன். உன் கணக்கில் இருநூற்றுத் தொண்ணூற்றேழு. திரைக்கு மூன்று சென்டிமீட்டர், நானூறு திரைக்குப் பன்னிரண்டு மீட்டர் மிச்சம். வாயில்லாப் பூச்சி என்று உனக்குப் பேர் வைத்தவள் நான். அன்றைக்குப் பார்த்துத்தானா உனக்கு வாய் முளைக்க வேண்டும்?

"வெட்டினது உன் கைதானே?" என்கிறார் இப்போது. என் மேஜையில் புது ஆள் நிற்கிறான். நான் பிசிறு வெட்டுகிற பெஞ்சில், நேற்று சேர்ந்த பெண்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஆகஸ்ட் முடிந்ததும் அவனை நிரந்தரமாக்கிவிடுவார்.

ஒன்றே ஒன்று செய். ஒன்பதுக்கு ஒன்றுதான் சரி என்று ஒரு தாளில் எழுது. ஏன் சரி என்றும் எழுது. கையெழுத்துப் போட்டு முதலாளிக்கு அனுப்பு. நான் சொன்னால் அவருக்கு ஏறாது. பட்டம் சொன்னால் ஏறும்.

அண்ணி


ஜூலை 12

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. உடனே பதில் எழுத நினைத்தேன். பள்ளியில் முதல் தேர்வு நெருங்குவதால் முடியவில்லை. உங்களுக்கு இப்படி ஆனதில் எனக்கு மிகவும் வருத்தம்.

நான் நலம். அறையில் என்னோடு இரண்டு ஆசிரியைகள் இருக்கிறார்கள். இருவருடைய வீட்டிலும் அப்பா, அம்மா, அத்தை எல்லோரும் படித்தவர்கள். அவர்கள் பேசும்போது நான் துணி மடித்துக்கொண்டிருப்பேன். ஆசிரியர் அறையில் என் நாற்காலியின் நுனியில்தான் உட்காருகிறேன் என்று ஒருவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். ஒன்பதாம் வகுப்புக்கு மெய்யெண்கள் நடத்துகிறேன்.

திரையைப் பற்றிச் சில சந்தேகங்கள். ஆஸ்பத்திரிச் சலவையில் கொதிநீர் பயன்படுத்தியிருப்பார்களோ? அப்படியானால் வழக்கத்தைவிட அதிகம் சுருங்க வாய்ப்பு உண்டு. துணி வேறு கட்டிலிருந்து வந்திருக்கலாம். நெசவு தளர்வாக இருந்தாலும் இப்படி ஆகும். மழைக்காலத்தில் ஈரப்பதமும் ஒரு காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் பார்க்காமல் இந்தக் கணக்குத்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வது கடினம்.

முதலாளிக்கு எழுதுவது பற்றி யோசிக்கிறேன். எப்படி எழுதினால் நன்றாக இருக்கும் என்று பார்க்க வேண்டும். இங்கே எனக்கு ஆறு மாதம் தகுதிகாண் பருவம். தலைமை ஆசிரியை முதலாளியின் அக்கா என்பது உங்களுக்குத் தெரியும்.

அண்ணனையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். இல்லை, கடிதம் வந்ததே அவர்களுக்குத் தெரியாது அல்லவா. சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்புள்ள
நாத்தனார்


ஜூலை 18

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். அதில் கொதிநீர் இருக்கிறது. நெசவு இருக்கிறது. ஈரப்பதம் இருக்கிறது. மழைகூட இருக்கிறது. நீ மட்டும் இல்லை.

பதினோரு வருஷமாக அதே ஆலைத் துணியை, அதே சலவைக்கு, எல்லா மழையிலும் வெட்டித் தருகிறேன். பத்தில் ஒன்றுதான் சுருங்கும். இப்போதும் பத்தில் ஒன்றுதான் சுருங்கியிருக்கிறது. அளந்து பார்த்துவிட்டேன்.

எங்கே அளந்தேன் தெரியுமா? முதலாளி என்னை வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார். "நீ வெட்டினதை நீயே போய்ப் பாத்துட்டு வா." பெண்கள் வார்டு. ஒரு கட்டிலில் அறுவை முடிந்து இரண்டு நாளான அம்மா ஒருத்தி. நர்ஸ் அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் பார்வை நேரத்துக்கு வந்த ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா ஒரு கையை நீட்டித் திரையின் ஓரத்தைச் சுவரோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலியிலும் விடவில்லை. நர்ஸ், "கைய மடக்குங்கம்மா, தையல் பிரிஞ்சிடும்" என்கிறாள். "நீங்க சீக்கிரம் முடிங்க" என்கிறாள் அவள்.

நான் கையில் டேப்பை வைத்துக்கொண்டு நின்றேன். "நீங்க யாரு?" என்று நர்ஸ் கேட்டாள். "அளவு எடுக்க வந்தேன்" என்றேன். வெட்டினவள் நான்தான் என்று சொல்லவில்லை.

உன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். "அவ சின்னப் பொண்ணு, விடு" என்கிறார். சின்னப் பொண்ணு பேச்சைக் கேட்டுத்தானே பெரியவர்கள் நானூறு வெட்டினோம்!

தகுதிகாண் பருவம் என்று எழுதியிருக்கிறாய். நீ பதில் சொல்லி முடித்த கையோடு, "எங்க அக்கா ஸ்கூலுக்கு இப்படி ஒரு ஆளத்தான் தேடுறாங்க" என்று அவர் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன். உனக்கு வேலை, அவருக்குப் பன்னிரண்டு மீட்டர், எனக்குப் பிசிறு. பங்கு சரியாகத்தான் பிரிந்திருக்கிறது.

உன் அப்பா கடைத்தெருவில் ஒருவரையும் விடுவதில்லை. போன வாரம் பால்காரரிடம், "கணக்குல சந்தேகம்னா சொல்லுங்க, என் பொண்ணக் கேட்டுச் சொல்றேன்" என்றார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ எழுத வேண்டாம். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்.

அண்ணி


ஆகஸ்ட் 2

அண்ணி,

இதுவரை எழுதிக் கிழித்தவை ஐந்து. இதையும் கிழித்துவிடுவேனோ என்ற பயத்தில் தபால் நிலையத்துக்கு வந்து இங்கே இருக்கும் மேஜையில் எழுதுகிறேன். பேனா கயிற்றில் கட்டியிருக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். இல்லை, மறுபடியும் காரணம் சொல்கிறேன்.

கணக்கு தப்பு. என் கணக்குத்தான் தப்பு. நீங்கள் கேட்டபடி முதலாளிக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கொடுங்கள். உங்களுக்கு ஏன் என்று தெரிய வேண்டும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

கூட்டியதை நீக்க அதே எண்ணைக் கழிக்க வேண்டும். பெருக்கியதை நீக்க அப்படிச் செய்ய முடியாது. எந்த எண்ணால் பெருக்கினோமோ அதைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும். துணி சுருங்குவதைக் கழித்தல் என்று நினைத்துவிட்டேன். அது பெருக்கல். நீளம் எவ்வளவு இருந்தாலும் அதன் பத்தில் ஒன்பது பங்குதான் நிற்கும். அதை நேராக்க ஒன்பதில் பத்து பங்கு வேண்டும். அதாவது ஒன்பதுக்கு ஒன்று சேர்க்க வேண்டும். நான் இருநூற்றெழுபதோடு இருபத்தேழு சேர்க்கச் சொன்னேன். அந்த இருபத்தேழும் தண்ணீரில் நனையும், அதுவும் சுருங்கும் என்பதை மறந்தேன்.

கால்குலேட்டரில் உங்கள் கணக்கைப் போட்டால் ஒன்று புள்ளிக்குப் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். அதைக் காட்டித்தான் எல்லோரையும் சிரிக்க வைத்தேன். முடியாமல் போகிற எண்ணும் மெய்யெண்தான். அது தவறான எண் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதையே பாடமாக நடத்துகிறேன்.

இதுவரை எழுதியது எளிது. ஐந்து தாள்களைக் கிழிக்க வைத்தது இனிமேல் வருவது.

இது எனக்கு உங்கள் கடிதம் வந்த பிறகு தெரிந்ததல்ல. மே இருபத்து நான்காம் தேதியே தெரியும். தலைமை ஆசிரியை என்னை மாதிரி வகுப்பு எடுக்க அழைத்திருந்தார். பஸ்ஸில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வந்தேன். 'பூச்சியத்தைத் தவிர ஒவ்வொரு மெய்யெண்ணுக்கும் ஒரு தலைகீழி உண்டு' என்ற வரி. கல்லூரியில் நூறு முறை எழுதிய வரி. பத்தில் ஒன்பதுக்குத் தலைகீழி எது என்று மனம் தானாகக் கேட்டது. உடனே உங்கள் மேஜை கண்முன் வந்தது. பக்கத்தில் இருந்தவர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார்.

நீங்கள் வெட்டத் தொடங்கியது ஜூன் இரண்டு. நடுவில் ஒன்பது நாள் இருந்தது. நான் இங்கேயே தங்கிவிட்டாலும், அப்பாவுக்குப் போன் போட்டு, "அண்ணிகிட்ட குடுங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். வகுப்பு முடிந்ததும் தலைமை ஆசிரியை, "தம்பி சொன்னது சரிதான். தெளிவா, தயங்காம பேசுறீங்க" என்றார். என்னைப் பார்த்துத் தயங்காமல் பேசுகிறாய் என்று யாரும் சொன்னதில்லை. அந்த வார்த்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, எனக்குத் தெரிந்ததை வாயில் பூட்டிக்கொண்டேன். மூன்று சென்டிமீட்டர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

போன வாரம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மிஸ், ஒரு எண்ணோட பத்து சதவீதம் கூட்டி, வர்றதுல பத்து சதவீதம் கழிச்சா பழைய எண்ணே வந்துடுமா?" வராது என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. "நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிக் கரும்பலகையை அழித்தேன். அழிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

முதலாளிக்கு எழுதியதை முதலில் தலைமை ஆசிரியையிடம் காட்டினேன்.

"இதை ஏன் என்கிட்ட காட்டுறீங்க?"

"இந்த வேலை அந்தப் பதிலாலதான் கிடைச்சுது மேடம்."

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "தப்பு எல்லாருக்கும் வரும். ஆனா மே மாசமே தெரியும்னு எழுதியிருக்கீங்களே" என்றார். அதற்குமேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஒன்பதாம் வகுப்ப வேற ஒருத்தர் பாத்துக்கட்டும். நீங்க ஆறாம் வகுப்பு எடுங்க. ஆறு மாசம் முடியட்டும், பாப்போம்."

மன்னிப்பு என்ற சொல்லை எழுதி எழுதி அடித்துவிட்டேன். அந்த அம்மாவிடம் அல்லவா அதைக் கேட்க வேண்டும்.

பூச்சி


ஆகஸ்ட் 12

பூச்சிக்கு,

உன் தாளைக் கொடுத்தேன். முதலாளி நின்றபடியே படித்தார். முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "பாத்தியா, உன் நாத்தனாரே சொல்லிட்டாங்க. ஒன்பதுக்கு ஒண்ணுதானாம்!" என்றார். எனக்குப் புதுச் சேதி சொல்கிற மாதிரி! "அப்படிங்களா?" என்று கேட்டு வைத்தேன். பக்கத்து மெஷின்காரி சிரிப்பை அடக்க முடியாமல் ஊசி கீழே விழுந்த மாதிரிக் குனிந்துகொண்டாள்.

"நாளையிலேர்ந்து மேஜைய எடுத்துக்க" என்றார்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். உன்னைத் திட்டி எழுதிய கடிதத்தை நினைத்து நினைத்து நான்தான் முடியவிடவில்லை. நீ மே இருபத்து நான்கு என்று எழுதியிருக்கிறாய். என் கையில் ஜூன் ஒன்று இருக்கிறது. கேள்.

வெட்டத் தொடங்குவதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனசு கேட்கவில்லை. அந்தத் துணியில் ஒரு துண்டு எடுத்து, உன் கணக்குப்படி தொண்ணூறுக்கு ஒன்பது சேர்த்துத் தொண்ணூற்றொன்பது வெட்டினேன். வீட்டு வாளியில் துவைத்து, காயவைத்து, தேய்த்து அளந்தேன். எண்பத்தொன்பதும் ஒரு நூலும். தொண்ணூறு வரவில்லை. ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதி, என் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் அதை எடுத்துப்போய் அவர் முன்னால் போட்டிருந்தால் போதும். வாயால் சொல்லத் தெரியாததைத் துணி சொல்லியிருக்கும். போடவில்லை. நீ சிரித்தது காதிலேயே இருந்தது. கணக்குப் படித்தவளை அவள் கணக்கே காட்டிக் கொடுக்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்று நினைத்தேன். திரையெல்லாம் கம்பெனிக்குத் திரும்பி வரும், அவர் உன்னைத் திட்டுவார், நான் ஓரமாக நின்று பார்ப்பேன் என்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருத்தி படுத்திருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானூறு தரம் கத்தரி போட்டேன். ஒவ்வொரு தரமும் தெரிந்துதான்.

நீ தெரிந்தும் பேசாமல் இருந்தாய். நான் தெரிந்தும் வெட்டினேன். இதில் யார் பெரியவள் என்று எந்தக் கணக்கில் பார்ப்பாய்?

நேற்று அந்தத் துண்டை எடுத்துப்போய் அவர் மேஜையில் வைத்தேன். டேப் வைத்துப் பார்த்தார். தேதியைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் வெட்டினியா?"

"ஆமாங்க."

"குடும்பமே சேர்ந்து என்னைக் கவுத்திருக்கீங்க" என்றார். பன்னிரண்டு மீட்டருக்கு ஆசைப்பட்டதில் அவர் பங்கும் இருக்கிறது. அதைச் சொல்லும் யோக்கியதை நேற்று எனக்கு இல்லை.

மேஜை இப்போதைக்கு இல்லை. நானூறு திரைக்கும் ஓரத்தில் ஒரு பட்டி கொடுத்துத் தைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில், என் வீட்டில், என் உழைப்பில். ஆஸ்பத்திரி வாரத்துக்கு நாற்பது திரை கழற்றித் தரும். கடைசித் திரை போன பிறகு மேஜை. அதுவரை புது ஆளை நிரந்தரமாக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். பட்டித் துணியை முதலில் துவைத்துச் சுருக்கிவிட்டுத்தான் வெட்டப்போகிறேன். அதற்கு ஒன்பதும் வேண்டாம், பத்தும் வேண்டாம்.

இன்னொன்று. கூடம் நிறையத் திரை கிடந்தால் மாமா கேட்பார். ஓவர்டைம் என்று சொல்லிவிடட்டுமா? உன் பேச்சே எடுக்கமாட்டேன். நீதான் சொல்ல வேண்டும்.

அண்ணி


ஆகஸ்ட் 17

அண்ணிக்கு,

ஓவர்டைம் என்று சொல்லாதீர்கள்.

சனிக்கிழமை மதியம் பள்ளி முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். ஞாயிறு மாலை திரும்பினால் திங்கள் காலை வகுப்புக்கு வந்துவிடலாம். பத்து வாரமும் வருவேன். எனக்கு நேராகத் தைக்க வராது என்பது உங்களுக்குத் தெரியும். பழைய தையலைப் பிரிப்பேன், கொக்கி கழற்றுவேன், டேப்பின் மறுமுனையைப் பிடிப்பேன். வெட்டுகிற அளவை நீங்கள் சொல்லுங்கள். நான் ஏன் என்று கேட்கமாட்டேன். கேட்டால், கற்றுக்கொள்ளக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யார் பெரியவள் என்று கேட்டிருந்தீர்கள். வகுப்பில் அதிகம் குறைவு என்று குறி போடச் சொல்லித் தருகிறேன். அந்தக் குறியை இங்கே போட எனக்குத் தெரியவில்லை.

அப்பா வழக்கம்போல் பஸ் நிலையத்துக்கு வருவார். என் பையைப் பிடுங்கிக்கொள்வார். வழியில் பார்க்கிற எல்லோரையும் நிறுத்தி, "என் பொண்ணு, கணக்கு டீச்சர்" என்பார். பழக்கடைக்காரர், சைக்கிள் கடைக்காரர், தையல் கடைக்காரர். நான் எப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வெட்கம் என்று அவர் நினைப்பார்.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு இருபது நிமிட நடை. பழக்கடை தாண்டியதும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இல்லை, அதற்கு முன்பே. அவர் முதல் ஆளை நிறுத்துவதற்கு முன்பே சொல்ல வேண்டும். "அப்பா, நான் தப்பாச் சொன்னேன். தெரிஞ்சும் பேசாம இருந்தேன். அதனாலதான் அண்ணிக்கு மேஜை போச்சு." இவ்வளவுதான். அறையில் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிடுகிறது.

நான் உள்ளே வரும்போது என் முகத்தைப் பாருங்கள். சொல்லாமல் வந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்படி வந்தேனானால் டேப்பை என் கையில் கொடுக்காதீர்கள்.

பூச்சி